கேட்டுவிட்டுத் தொடுங்கள்: பாலியல் துன்புறுத்தலைக் கடந்து வந்த பெண்ணின் பிரசவத்துக்குத் துணையிருப்பவர்களுக்கு

20 ஆண்டுகளுக்கு மேல் பிரசவ வார்டில் செவிலியராக வேலை பார்த்தவள் நான். கர்ப்பிணிகளும், அவர்களோடு வந்த அக்கா தங்கைகளும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த சிஸ்டர்களும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலும் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே, சத்தமில்லாமல் கேட்டார்கள். பதிலையாவது எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

சிறு வயதிலோ பிறகோ பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்தவர் நீங்கள் என்றால் இதை ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். மனசு கனத்தால் மூடிவைத்துவிடுங்கள். தேவையான கேள்விக்கு மட்டும் அப்புறம் வந்தால் போதும்.

அது நடந்து 15 வருஷம் ஆகிவிட்டது. மறந்தே போயிருந்தேன். பிரசவத்தை நினைத்தால் மட்டும் ஏன் திரும்ப வருகிறது?

பிரசவ அறையில் நடப்பதை வரிசையாக நினைத்துப் பாருங்கள். மல்லாந்து படுக்கச் சொல்கிறார்கள். உள்ளாடை இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் கால்மாட்டில் நிற்கிறார். வலிக்கிறது, அதை நிறுத்த உங்களால் முடியாது. "கத்தாம இரு" என்கிறார்கள். அன்று நடந்ததும் இன்று நடப்பதும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனால் அந்த வித்தியாசம் அறிவுக்குத் தெரிகிற வேகத்தில் உடம்புக்குத் தெரிவதில்லை. முழங்காலில் வைத்த ஒரு கை, ஒரு குரல், ஒரு வாசனை போதும். உடம்பு பழைய இடத்துக்கே போய்விடும்.

சிலருக்கு அதுவரை தெளிவாக நினைவில் இல்லாத ஒன்று கர்ப்பகாலத்தில் முதல் தடவையாக மேலே வருவதும் உண்டு. பைத்தியம் பிடிக்கிறதோ என்று ஒரு பெண் என்னிடம் கேட்டார். இல்லை. ஆபத்து வந்தபோது காப்பாற்றிக்கொள்ள உடம்பு கற்றுக்கொண்ட பழக்கம் அது.

எல்லோருக்கும் இப்படி ஆகும் என்றும் நினைத்துவிடாதீர்கள். எந்தச் சிக்கலும் இல்லாமல் பெற்றவர்கள் பலர். "இந்த உடம்பு என்னோடதுதான்னு அன்னிக்குத்தான் தோணுச்சு" என்று சொன்னவரும் இருக்கிறார்.

இது எங்கோ ஒருவருக்கு நடப்பதுதானே?

2007-இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டது. 12,447 குழந்தைகளிடம் கேட்டதில் 53.22 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். அன்று குழந்தைகளாக இருந்த பெண்கள்தான் இன்று பிரசவத்துக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. அப்படியென்றால் நீங்கள் எந்த லேபர் வார்டில், எந்த ஷிஃப்டில் நின்றாலும் அங்கே இப்படிப்பட்ட ஒருவர் படுத்திருக்க வாய்ப்பு உண்டு.

யார் அவர் என்று துப்பறிய வேண்டாம். வருகிற எல்லோரிடமும் கேட்டுவிட்டுத் தொட்டால், சொல்லாதவர்களுக்கும் அது போய்ச் சேரும்.

டாக்டரிடம் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டுமா?

வேண்டாம். சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். சொன்னால் வசதி உண்டு: எது வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே பேசி வைக்கலாம். ஆனால் கதையைச் சொல்லாமலே தேவையைச் சொல்ல முடியும். இப்படி: "உள் பரிசோதனைன்னா எனக்கு ரொம்பப் பயம். காரணம் கேட்காதீங்க. ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டு, நான் சரின்னதும் தொடுங்க." இவ்வளவு போதும். விஷயம் தெரிந்த டாக்டரம்மா மீதியைப் புரிந்துகொள்வார். புரியாதவரும் என்ன செய்ய வேண்டும் என்பதையாவது தெரிந்துகொள்வார்.

எப்போது சொல்வது? வலி வந்த பிறகு பேச முடியாது. ஏழாம், எட்டாம் மாத செக்கப்பில் சொல்லுங்கள். கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பேசலாம். கிராமத்தில் என்றால் கிராம சுகாதார செவிலியரிடம் முதலில் பேசிப் பார்ப்பது பலருக்கு எளிதாக இருக்கிறது.

ஒரு முக்கியமான விஷயம். தாய் சேய் நல அட்டையில் இதை எழுத விடாதீர்கள். சிஸ்டர்களுக்கும் சொல்கிறேன், எழுதாதீர்கள். அந்த அட்டை அலமாரியில் பூட்டி வைக்கிற பொருள் இல்லை. மாமியார் கையில் இருக்கும், நாத்தனார் புரட்டிப் பார்ப்பார், ஸ்கேன் சென்டரில் மேஜைமேல் கிடக்கும். ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் "சொல்லிவிட்டு, சம்மதம் கேட்டுத் தொடவும்; பெண் மருத்துவர் இருந்தால் நல்லது" என்று ஒரு வரி இருந்தால் அடுத்த டூட்டிக்காரருக்கு அதுவே போதும். காரணம் அதில் இருக்க வேண்டியதில்லை.

உள் பரிசோதனைதான் எனக்குப் பெரிய பயம். அதைத் தவிர்க்கவே முடியாதா?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கத்தான் கைவிட்டுப் பார்க்கிறார்கள். சிக்கல் இல்லாத பிரசவத்தில், வலி நன்றாகப் பிடித்த பிறகு 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்னது. ரத்தப்போக்கு, குழந்தையின் இதயத் துடிப்பில் மாற்றம் என்று காரணம் இருந்தால் கூடுதலாகப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் டூட்டி மாறியது என்பதற்காக ஒரு தடவை, மாணவர் கற்றுக்கொள்ள ஒரு தடவை என்று பார்ப்பதற்கு மருத்துவக் காரணம் கிடையாது. மாணவர் பார்க்க வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். இலவச சிகிச்சை என்பதால் அந்த உரிமை குறைந்துவிடாது.

"இப்ப எதுக்குப் பார்க்கணும்? பார்த்ததுக்கு அப்புறம் என்ன முடிவு எடுப்பீங்க?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக இருந்தால் பயம் ஒரு படி இறங்கும். சில நேரம் இந்தக் கேள்வியாலேயே, "சரி, ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்க்கலாம்" என்று ஆகிவிடும். தலை இறங்குவதை வயிற்றின் மேல் கைவைத்தும் ஓரளவு கணிக்க முடியும்.

பார்த்தே ஆக வேண்டும் என்றால் சில விஷயங்கள் உதவும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, பார்ப்பவரின் முகம் தெரிகிற மாதிரி சாய்ந்துகொள்வது. கால்களைக் கம்பியில் தூக்கி வைக்காமல் மெத்தையில் ஊன்றிக்கொள்வது. மல்லாந்து படுப்பதே ஆகாது என்றால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது. இடுப்புக்குக் கீழே ஒரு போர்வை. கதவு சாத்தி, திரை இழுத்து, அறையில் தேவையான ஆட்கள் மட்டும். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். இல்லாத நேரத்தில் ஒரு சிஸ்டர் உங்கள் தலைமாட்டில் நின்று பேசிக்கொண்டிருக்கும்படி கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், "நிறுத்துங்க" என்றால் கையை எடுத்துவிட வேண்டும். "இதோ முடிஞ்சிடுச்சு" என்று தொடரக் கூடாது. வாய் வராத நேரத்துக்காக, கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண் ஐந்து தடவை கால்களை இறுக்கி மூடிக்கொண்டார். ஒத்துழைக்கவில்லை என்று ஆளாளுக்குத் திட்டினோம், நானும்தான். மூத்த சிஸ்டர் ஒருவர் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். "நீ சொல்ற வரைக்கும் தொடமாட்டேன்டா" என்றார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பெண்ணே "பாருங்க சிஸ்டர்" என்றார். பரிசோதனை அரை நிமிஷத்தில் முடிந்தது. அதற்கு முன்னால் நாங்கள் வீணாக்கியது முக்கால் மணி நேரம்.

இன்னொன்று. வழக்குப் பதிவாகி, பரிசோதனை என்ற பெயரில் ஆஸ்பத்திரியிலேயே காயப்பட்டவர்களும் வருகிறார்கள். வன்புணர்ச்சி வழக்குகளில் பிறப்புறுப்புக்குள் இரண்டு விரல் விட்டுப் பார்க்கிற இரு விரல் சோதனை, பெண்ணின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுகிறது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. 2022-இல் அதைச் செய்பவர்கள் தவறான நடத்தை செய்தவர்களாகக் கருதப்படுவார்கள் என்றது. அதற்கு முன்பும் பின்பும் அதை அனுபவித்த பெண்ணுக்குக் கையுறை போடுகிற சத்தமே போதும்.

ஆரம்ப மாதங்களில் உள்ளே வைத்துப் பார்க்கிற ஸ்கேன்?

வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் போதுமா என்று முதலில் கேளுங்கள். பல நேரம் போதும், அல்லது ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் போதும். உள்ளேதான் பார்க்க வேண்டும் என்றால், அந்தக் கருவியை நீங்களே வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். இது வினோதமான கோரிக்கை இல்லை.

கூட யாரை வைத்துக்கொள்வது?

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதிக்கும் திட்டம் 2004-இலேயே வந்துவிட்டது. மத்திய அரசு 2016-இல் நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல் கொடுத்தது: ஏற்கனவே பிரசவ அனுபவம் உள்ள பெண் உறவினர் துணையாக இருக்கலாம், தனிமைக்கு வசதி உள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம். துணைக்கு ஆள் இருப்பது உங்களுக்குச் செய்கிற தயவு இல்லை, முறையாக உள்ள ஏற்பாடு. நடைமுறையில் வார்டுக்கு வார்டு மாறும் என்பதால் முன்பே விசாரித்து வையுங்கள்.

யார் என்பதில் அவசரப்படாதீர்கள். வழக்கப்படி அம்மாவோ மாமியாரோ உள்ளே வந்துவிடுவார்கள். ஆனால் அன்று சொன்னபோது "வெளியே சொல்லாதே" என்று வாயை அடைத்த அம்மாவாக இருந்தால்? அவரே பக்கத்தில் நின்று "பொறுத்துக்கோ" என்று சொல்வதை அந்தப் பெண் எப்படித் தாங்குவார்? அம்மாமேல் பாசம் இருக்கலாம். அது வேறு. அந்த அறைக்கு அவர் சரிப்படமாட்டார் என்பதும் உண்மையாக இருக்கலாம். பிள்ளை பெற்ற அக்கா, அண்ணி, சிநேகிதி யாராக இருந்தாலும், உங்கள் பக்கம் நின்று "ஒரு நிமிஷம் இருங்க, அவளைக் கேட்டுட்டுச் செய்யுங்க" என்று சொல்லத் துணிச்சல் உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள். அம்மாவைச் சமாளிக்க சிஸ்டரின் உதவியைக் கேட்கலாம். "ஒருத்தர்தான் உள்ளே வரலாம், இவங்க பேரைக் கொடுத்தாச்சு" என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.

துணையாக வருபவருக்கு: உங்கள் வேலை தலைமாட்டில். கால்மாட்டை எட்டிப் பார்க்க வேண்டாம். கையைப் பிடிக்கலாமா என்று கேட்டுவிட்டுப் பிடியுங்கள். நெற்றியைத் தடவுவது உங்களுக்கு அன்பு, அவருக்கு வேறொருவரின் கையாக இருக்கலாம்.

முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்கிறார்கள். எனக்குக் கெடுதல் செய்தவர் அந்த வீட்டுக்கு வந்துபோகிற ஆள்.

இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு நடக்கும். அந்த ஆள் மாமாவாகவோ சித்தப்பாவாகவோ அண்ணன் முறையாகவோ பந்தியில் உட்கார்ந்திருப்பார். ஊரே சந்தோஷமாக இருக்கும். நீங்கள் கை நிறைய வளையலோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதன் பிறகு அதே வீட்டில், பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு, பாதி நேரம் மார்பைத் திறந்துகொண்டு மூன்று மாதமோ ஐந்து மாதமோ. குழந்தையைப் பார்க்க அவரும் வருவார். "மடியில போடு, மாமா தூக்கட்டும்" என்பார்கள்.

போகாமல் இருக்கலாம். டாக்டரையே காரணமாகச் சொல்லலாம்: "கடைசி வரை ஒரே ஆஸ்பத்திரியில பார்த்துக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க." இதைச் சொல்லித் தரும்படி உங்கள் டாக்டரிடம் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். அம்மாவை உங்கள் வீட்டுக்கு வரவழைப்பது இன்னொரு வழி. போய்த்தான் ஆக வேண்டும் என்றால் உள்ளிருந்து தாழ்போடக்கூடிய அறை, விஷயம் தெரிந்த ஒரு ஆள், பிறந்த குழந்தைக்குத் தொற்று வரும் என்பதால் யாரும் தூக்கக் கூடாது என்ற விதி, இந்த மூன்றையும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். தொற்றுக் காரணம் பொய்யும் இல்லை. குழந்தையை அந்த ஆளிடம் கொடுக்க நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை. யார் மனம் நோகும் என்று அந்த நேரத்தில் பார்க்காதீர்கள்.

வார்டில் நாங்கள் சாதாரணமாகச் சொல்கிற வார்த்தைகளில் என்ன தப்பு?

புதிய சிஸ்டர்கள் கேட்கிற கேள்வி. "கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ, முடிஞ்சிடும்." "உடம்பை லூசா விடு." "சத்தம் போடாதே." "சமர்த்துப் பொண்ணு இல்ல?" நாம் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். இதே வார்த்தைகளைத்தான் அவனும் சொல்லியிருப்பான். புருஷனோடு இருந்தபோது வலிக்கவில்லையா என்கிற மாதிரியான பேச்சுக்கு இந்த விளக்கம்கூடத் தேவையில்லை. அது எந்தப் பெண்ணிடமும் சொல்லக் கூடாத அசிங்கம். லேபர் வார்டுகளில் அதை நான் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்த நாட்களும் உண்டு. அது இன்றும் உறுத்துகிறது.

மாற்றாக என்ன செய்யப்போகிறீர்கள், ஏன், எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். "அம்மா, இப்ப உங்க முழங்கால்ல கை வைக்கப்போறேன், சரியா?" "கை ஜில்லுன்னு இருக்கும்." "மூணு எண்ணுறதுக்குள்ள எடுத்துடுவேன்." மூன்று என்று சொன்னால் மூன்றில் எடுத்துவிடுங்கள். தளர்த்தச் சொல்வதைவிட, "மூச்சை மெதுவா வாய் வழியா விடுங்க" என்பது நல்லது. மூச்சுவிடுவது அவர் கையில் இருக்கிறது, உடம்பைத் தளர்த்துவது அந்த நேரத்தில் அவர் கையில் இல்லை.

திடீரென்று பேச்சே இல்லாமல், எங்கோ வெறித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். என்ன செய்வது?

சத்தமே போடாத பெண்ணை "நல்ல பேஷன்ட்" என்போம். சில பேர் நிஜமாகவே அமைதியானவர்கள். சில பேர் அந்த அறையில் இல்லை. மோட்டுவளையில் ஒரே புள்ளியைப் பார்ப்பார்கள், கூப்பிட்டால் திரும்பமாட்டார்கள், சின்னப் பிள்ளை குரலில் பேசுவார்கள். வேறு சிலர் உதைப்பார்கள், கட்டிலின் மூலைக்கு ஒடுங்குவார்கள்.

முதலில் மருத்துவக் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவதற்கு முன்பும், ரத்தம் நிறைய போனாலும் பெண்கள் குழம்பிப்போவார்கள். அது இல்லை என்று தெரிந்தால், செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள். அவர் பார்வை படும் இடத்தில், அவரைவிட உயரமாக இல்லாமல் இருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்; "இது ஆஸ்பத்திரி. இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. நான் சிஸ்டர். உங்க குழந்தை பிறக்கப்போகுது. இங்க உங்களை யாரும் எதுவும் பண்ணமாட்டாங்க" என்று மெதுவாகச் சொல்லுங்கள். ஈரத்துணியை அவர் கையிலேயே கொடுங்கள். பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லலாம். சுவரில் என்ன நிறம் என்று கேட்கலாம். உலுக்குவது, கன்னத்தில் தட்டுவது கூடாது.

திரும்பி வந்ததும் "எங்க போயிட்ட?" என்று விசாரிக்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள்.

வலி நன்றாக இருந்தது, கர்ப்பப்பை வாய் 7 சென்டிமீட்டர் திறந்ததோடு நின்றுவிட்டது. பயத்தால் அப்படி ஆகுமா?

ஆகலாம். பயம் கூடினால் உடம்பில் அட்ரினலின் கூடும், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற ஆக்சிடோசின் மட்டுப்படும். ஆனால் எல்லாவற்றையும் பயத்தின் தலையில் போடாதீர்கள். குழந்தை திரும்பியிருக்கும் விதம், நிறைந்த சிறுநீர்ப்பை, களைப்பு என்று காரணங்கள் பல. அவற்றைப் பார்த்துக்கொண்டே அறையையும் பாருங்கள். புதிதாக யார் உள்ளே வந்தது? கதவு திறந்து கிடக்கிறதா? ஆண் குரல் ஏதாவது கேட்டதா? விளக்கைக் குறைத்து, ஆட்களைக் குறைத்து, எழுந்து நடக்க விட்டால் வலி மறுபடி பிடிப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். முக்குகிற நேரத்தில் கீழே வருகிற அழுத்தம் சிலரைப் பின்வாங்க வைக்கும். ஒருக்களித்தோ குத்துக்காலிட்டோ இருந்து, தலை தெரியும்போது அவரே தொட்டுப் பார்க்கட்டும். அங்கே இருப்பது தன் குழந்தை என்று கைக்குத் தெரிந்துவிட்டால் பயம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

பேசாமல் சிசேரியன் கேட்டுவிடலாமா?

சிலருக்கு அதுதான் சரி. யோசித்து, டாக்டரிடம் பேசி எடுத்த முடிவு என்றால் யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதிலும் தொடுதல் இல்லாமல் போகாது. யூரின் டியூப் போடுவார்கள். முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே அசைக்க முடியாது. கைகளைப் பலகையில் கட்டுவதும் உண்டு. அசைய முடியாத நிலையே சிலருக்குப் பழைய பயம். கைகளைக் கட்ட வேண்டாம், டியூபை மரத்துப்போன பிறகு போடுங்கள், ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே செய்யுங்கள் என்று முன்பே கேட்கலாம். வலியில்லாப் பிரசவ ஊசியும் இப்படித்தான்: ஒருவருக்கு நிம்மதி, இன்னொருவருக்குக் கால் தன்னுடையதாக இல்லாத பீதி. எதற்கு அதிகம் பயப்படுகிறீர்கள், வலிக்கா, அசைய முடியாமல் போவதற்கா என்று கேட்டுக்கொண்டால் முடிவெடுக்க எளிது.

அவசரத்தில் எப்படிச் சம்மதம் கேட்டுக்கொண்டிருப்பது?

குழந்தையின் தோள் மாட்டிக்கொண்டாலோ பிறந்தபின் ரத்தம் கொட்டினாலோ நிமிஷங்கள்தான் இருக்கும். செய்ய வேண்டியதைச் செய்துதான் ஆக வேண்டும். அப்போதும் தலைமாட்டில் ஒருவர் நின்று, "ரத்தம் நிறைய போகுது, அதை நிறுத்தத்தான் கை வைக்கிறாங்க, வலிக்கும், நான் இங்கேயே இருக்கேன்" என்று சொல்ல முடியும். அப்புறம், அதே நாளிலோ மறுநாளோ பக்கத்தில் உட்கார்ந்து என்ன நடந்தது, ஏன் கேட்காமல் செய்தோம் என்று விளக்குங்கள். "கேட்க நேரமில்லாமல் போச்சு, மன்னிச்சுக்கோங்க" என்பதைச் சொல்ல எந்த டாக்டருக்கும் கௌரவம் குறையாது.

துன்புறுத்துவது கணவரே என்றால்?

18 வயதுக்கு மேற்பட்ட மனைவியைக் கணவர் கட்டாயப்படுத்துவதை நம் தண்டனைச் சட்டம் இன்னும் பாலியல் வன்புணர்ச்சியாகப் பார்ப்பதில்லை. ஆனால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் துன்புறுத்தலையும் வன்முறையாகவே சொல்கிறது. அதன் கீழ் பாதுகாப்பு கேட்கலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

வார்டில் உள்ளவர்களுக்கு: ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு தடவையாவது தனியாகப் பேசுங்கள். கணவர் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார், மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறார் என்றால், "ரத்தம் எடுக்கணும், நீங்க வெளியே இருங்க" என்று ஒரு காரணம் சொல்லுங்கள். வீட்டுக்குப் போன உடனே உறவு வைத்துக்கொள்ளக் கூடாது, தையல் ஆற வேண்டும் என்பதை டாக்டரே கணவரிடம் நேராகச் சொல்லட்டும். அந்தப் பெண் சொல்லி அது நடக்காது.

பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு 18 ஆகவில்லை என்றால்?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கிற போக்சோ சட்டப்படி மருத்துவமனை காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், கல்யாணம் ஆகியிருந்தாலும். தெரிவிக்காமல் விட்டால் 6 மாதம் வரை சிறைத்தண்டனையோ அபராதமோ உண்டு. அந்தப் பெண்ணிடம் இதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏமாற்றிப் பேச வைத்துவிட்டுப் பிறகு போலீஸ் வந்து நின்றால் அவள் இனி ஒரு ஆஸ்பத்திரிப் படியும் ஏறமாட்டாள். விசாரணைக்கு வருபவர் பிரசவம் முடியும்வரை வெளியே காத்திருக்கலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

பால் கொடுக்கும்போது அருவருப்பாக இருக்கிறது. நான் நல்ல அம்மா இல்லையா?

நல்ல அம்மாதான். பிரசவம் ஆன சில மணி நேரத்தில் பாட்டி ஒரு பக்கம், சிஸ்டர் ஒரு பக்கம் கேட்காமலே மார்பைப் பிடித்துக் குழந்தை வாயில் வைக்கிறார்கள். எந்தப் பெண்ணுக்கும் கூசும். உங்களுக்கு இன்னும் கூடுதலாக. "எப்படின்னு சொல்லுங்க, நானே வைக்கிறேன்" என்று சொல்லலாம். சொல்லித் தருபவர் பொம்மையையோ துண்டையோ வைத்துக் காட்டலாம். பகலில் முடிகிறது, இருட்டில் முடியவில்லை என்பவர்கள் உண்டு. சின்ன விளக்கை எரியவிடுங்கள். சுரக்கிற நேரத்தில் மட்டும் மனசு பாதாளத்துக்குப் போகிறதா? அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுத்தாலும் அது தாய்ப்பால்தான். அதுவும் முடியவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் வேறு வழி கேளுங்கள்.

பிள்ளை பெற்றவளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட ஆள் வருகிற வீடுகளில், வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வெந்நீரை நீங்களே ஊற்றிக்கொண்டால் உடம்பு தேறாமல் போகாது.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. பிரசவ அறையே கனவில் வருகிறது.

குழந்தை நல்லபடியாகப் பிறந்ததே, அப்புறம் என்ன என்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்: குழந்தை நலம், உங்களுக்குக் காயம். தூக்கம் கெடுவது, ஆஸ்பத்திரி இருக்கும் தெருவையே தவிர்ப்பது, குழந்தையைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாமல் இருப்பது இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆறாம் வாரப் பரிசோதனை வரை காத்திருக்காமல் பேசுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய, மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ஐயும் அழைக்கலாம். உங்களுக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே யாரையாவது கூட வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்த பிரசவத்துக்கு முன் அந்தப் பழைய கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் என்ன நடந்தது என்று வரிசையாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் சிலருக்குப் பெரிய ஆறுதல்.

நானே அப்படி ஒருத்தி. லேபர் வார்டில்தான் வேலை. சில நாள் கை நடுங்குகிறது.

உங்களைப் போன்றவர்கள் நிறைய பேர் வெள்ளைச் சீருடையில் இருக்கிறார்கள். எது உங்களைத் தொந்தரவு செய்கிறது என்று கவனியுங்கள்: குறிப்பிட்ட சத்தமா, ஒரு டாக்டர் பேசுகிற விதமா, இரவு டூட்டியா? அதை மட்டும் மாற்றிக்கொள்ளப் பாருங்கள். நம்பிக்கையான ஒரு தோழியிடம், "நான் கண் காட்டினா நீ வந்துடு" என்று பேசி வையுங்கள். காரணம் சொல்ல வேண்டாம். 14416 உங்களுக்கும்தான்.

நான் வேலை பார்த்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சிஸ்டர் எல்லாம் அருமையாகச் செய்வார். தையல் போடுகிற நேரம் வந்தால் மட்டும் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் ஏன் என்று கேட்டதே இல்லை. ஊசியை வாங்கிக்கொள்வேன், அவர் குழந்தையைத் துடைக்கப் போய்விடுவார்.